பதினேழு பேரும் பத்தாம் வகுப்பு

1
இந்தக் கதை என் கையெழுத்தில் உள்ள ஒரு பொய்யிலிருந்து வந்தது. 1994இல், நாங்கள் அகதிகளாக வந்து குடியேறிய சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் மாடிக் கட்டடத்துக்கு, யார் என்ன படித்தார்கள், என்ன வேலை என்று கேட்டு அரசாங்க ஆய்வுப் படிவங்கள் வந்தன. ஆங்கிலம் எழுதுவேன் என்று என்னைக் கூப்பிட்டார்கள். பதினேழு பேருக்கு நிரப்பினேன். கல்வி: பத்தாம் வகுப்பு. எல்லாருக்கும்.

(இரண்டு பேர் உண்மையிலேயே பத்தாம் வகுப்பு. அவர்களிடம் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை.)

2
ஜெயமலரின் கண்களில் ஒரு சோகம்... வேண்டாம், வெட்டிவிட்டேன். ஜெயமலர் ஊரில் பதினொரு வருடம் கணிதம் படிப்பித்த பட்டதாரி. அப்போது இங்கே பிஸ்கற் பாக்டரியில் பெட்டி ஒட்டினார். படித்தவர்களை அங்கே எடுப்பதில்லை என்று கேள்விப்பட்டு, பத்தாம் வகுப்பு என்று சொல்லிச் சேர்ந்தவர்.

"இதிலையும் அப்பிடியே போடுங்கோ அண்ணை. பேப்பருக்குப் பேப்பர் மாறினாப் பிடிச்சுப்போடுவினம்."

அகதி விசாரணையில் நாங்கள் எல்லாரும் கற்ற பாடம் அது. மற்றவர்களும் அப்படியே போடச் சொன்னார்கள்.

3
அடுத்த வருடம் அந்தப் படிவங்களை வைத்து அறிக்கை வந்தது. இந்தப் பகுதியின் வறுமைக்கும் வேலையின்மைக்கும் காரணம் படிப்பில்லாமையாம். பரிகாரம், கீழ்த்தளத்தில் கூட்டல் கழித்தல் வகுப்பு. ஜெயமலருக்கும் அழைப்பு.

[இங்கே வாசகர் சிரிக்கலாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் பல்கலைக்கழகத்துக்கு எடுக்கும்போது மாவட்டம் பார்த்து இவருடைய புள்ளிகளை அளந்தார்கள். இங்கே கட்டடம் பார்த்து. எட்டாம் மாடி எஞ்சினியர் அருள்நாயகத்துக்கு ஏன் வேலை கொடுக்கவில்லை என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.]

4
முடிவு ஒன்று: ஜெயமலருக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்கிறது. நடக்காத காரியம்.

முடிவு இரண்டு: வெளியே பனி கொட்ட, அவர் அழுது...

"என்னை ஏன் அழவைக்கிறியள்?" வரைவை வாசித்த ஜெயமலர் கேட்டார். "நான் எங்கை அழுதனான்? நடந்ததை எழுதுங்கோ."

நடந்தது இதுதான். மொழிபெயர்க்க நானும் போயிருந்த முதல் வகுப்பில் புதுப் படிவம் கேட்டு வாங்கினார். 'தேவைப்பட்டால் வேலைத்தலத்துடன் பேசுவோம்' என்று அடியில் அச்சிட்டிருந்தது. என் பேனையைப் பிடுங்கிப் பட்டத்தை எழுதினார். பாக்டரியின் பெயரையும் எழுதினார்.

"ரீச்சர், வேலை போனாப் பிள்ளையளுக்கு என்ன செய்வியள்?" என்று கேட்டேன்.

"பயமாத்தான் கிடக்கு. ஆனா நான் படிக்காமல் ஏழையாகேல்லை எண்டு ஒரு பேப்பரிலையாவது இருக்கவேணும்."

பின்னால் நின்ற அருள்நாயகமும் படிவத்துக்குக் கை நீட்டினார்.

5
ஜெயமலரின் வேலை போனதா? எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். போயிருந்தால் விசரி என்பீர்கள், போகாவிட்டால் கெட்டிக்காரி என்பீர்கள். இரண்டிலும் அவர் எழுதியது சரிதான்.

என் கையெழுத்தில் இன்னும் பதின்மூன்று பொய்கள் மிச்சம். கதவு கதவாகத் தட்டப் போகிறேன். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குப் பேனை தேவைப்படுகிறது.