காற்று அரக்கிய வள்ளம்

1

இந்தக் கதை ஒரு வீட்டுப்பாடமாகப் பிறந்தது. என்னுடையதல்ல; வங்காலையில் எட்டாம் வகுப்புப் படிக்கும் என் தங்கை றொஷேலுடையது. அவளுடைய ஆசிரியர் சுகந்தன் சேர் பிள்ளைகளிடம் டாப்லெட்டைக் கொடுத்து, "கடதாசியில உருவம் வெட்டுங்கோ. ஒரு படம் எடுத்து, கொஞ்சம் அரக்கி*, இன்னொரு படம். வரிசையா ஓடவிட்டா அது நடக்கும். கதை உங்கட," என்றாராம். வெள்ளிக்கிழமை வகுப்பில் காட்ட வேண்டும்.

வகுப்பில் வாயே திறக்காத றொஷேல் எனக்குக் குரல்பதிவு அனுப்பினாள்: "அண்ணா, எனக்கு ஒரு கதையும் வரேல்லை. நீங்கள் எழுதித் தாங்கோ. இல்லாட்டி நான் இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டன்."

சொன்னால் செய்வாள். எனவே டோஹாவில், மதிய இடைவேளையில் எழுதுகிறேன். கையெல்லாம் சீமெந்து, நான் பேச, போன் எழுதுகிறது. [அம்மா, இதை வாசித்தால்: சாப்பிட்டுவிட்டேன்.]

* நகர்த்தி. பக்கத்தில் இருக்கும் திருச்சிக்காரருக்கு விளங்கவில்லை.

2

தொடக்கம் ஒன்று: பொன்னிறக் கடலில் பஸ்ரியன் என்ற ஏழை மீனவன்

(வேண்டாம். கடல் என்ன நிறமென்று அவளுக்குத் தெரியும். சிரிப்பாள்.)

தொடக்கம் இரண்டு: தூரதேசத்து அண்ணனை நினைத்து ஒரு சிறுமி

(அவளுடைய வீட்டுப்பாடத்துக்குள் நானே நுழைந்துவிட்டேன். வெட்கம்.)

தொடக்கம் மூன்று: ஒரு கடதாசி வள்ளம் கரைக்கு வர

3

அந்த வசனம் அப்படியே நிற்கட்டும். வெள்ளிக்கிழமை வந்துவிட்டது, றொஷேலின் அழைப்பும்.

"பள்ளிக்கூடம் போனனியோ?"

"போனனான். உங்கட கதை இனி வேண்டாம்."

"ஏனடி?"

"நேற்றுப் பின்னேரம் கடதாசியில ஒரு வள்ளம் வெட்டி, கடற்கரையில சும்மா எடுத்துப் பாத்தனான். சோளகக் காத்து வள்ளத்தை விழுத்திக்கொண்டே இருந்துது. ஓடி ஓடி நிமித்திக் களைச்சுப்போனன். போ எண்டு விட்டிட்டு, காத்து அரக்கின இடத்திலயே வைச்சுப் படம் எடுத்தனான். ஓடவிட்டா, வள்ளம் கருவாடு காயப்போட்ட வலைக்குள்ள போய் ஒளிக்குது! அதுக்கு வீட்டை போக விருப்பமில்லை எண்டு நான்தான் படத்துக்குப் பின்னால கதைச்சுப் பதிஞ்சனான். எங்கட வகுப்பு டிலக்‌ஷன், 'இன்னொருக்காப் போடுங்கோ சேர்' எண்டு கத்தினவன்."

"நீயோ கதைச்சனி?"

"டாப்லெட்டுக்குத்தானே கதைச்சனான். ஆக்களுக்கில்லையே."

தன் கதை தேவைப்படாமல் போனதில் இப்படி மகிழ்ந்த எழுத்தாளன் வேறு யாரும் உண்டா தெரியவில்லை. ஒரு போத்தல் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன்.

4

"முடிவு?"

"முடிவில்லை. சேர் அதிலயே நிப்பாட்டிட்டார். எல்லாரும் தங்கட முடிவைக் கதைச்சுப் பதியோணுமாம். திங்கக்கிழமை போட்டுக் காட்டுவார். நீங்களும் அனுப்புங்கோ. எழுத்தில வேண்டாம் அண்ணா. குரலில."

குரலில் என்றால், வீட்டு நினைவில் என் குரல் நடுங்குவது அம்மாவுக்குக் கேட்டுவிடும் என்றுதான் இத்தனை நாள் அம்மாவுக்கு எல்லாவற்றையும் எழுத்தாகவே அனுப்பினேன். வாயே திறக்காதவள் கேட்கிறாள், எப்படி மறுப்பது?

வள்ளம் திரும்பி வரலாம். [அம்மா, உங்கள் முடிவு இதுதானே.] வலைக்குள்ளேயே கருவாடுகளோடு சிநேகமாகலாம். காற்று திரும்பும்வரை

இல்லை, இதை இனி எழுதப்போவதில்லை. பதிவுப் பொத்தானில் விரல் இருக்கிறது. வள்ளம் வலைக்குள் நிற்கிறது, காற்று இன்னும் அடிக்கிறது. நான் தொண்டையைச் செருமுவதற்குள், இதை வாசிக்கும் நீங்களும் உங்கள் முடிவைச் சொல்லிவிடுங்கள். சத்தமாக.