மணிமொழிக்கு ஒரு கம்ப்யூட்டர்

என் பெண்டாட்டியின் லேப்டாப்பை விற்றது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால், அவளுக்கு நானே கம்ப்யூட்டர் செய்து கொடுத்த கதையைக் கேட்டுவிட்டு, அடடா எப்பேர்ப்பட்ட புருஷன் என்று யாராவது சொல்லித் தொலைப்பீர்கள்.

என் பெயர் தமிழரசன். கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கிணற்று மோட்டார் எரிந்துபோனால் கருகிய செம்புக் கம்பியை உருவிவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பேன். மணிமொழி என் தாய்மாமன் மகள், மணலூர்பேட்டைக்காரி, பி.எஸ்சி. படித்தவள். காலேஜில் படிக்கும்போது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த லேப்டாப்பைச் சீர் வரிசையில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக் கொண்டுவந்தாள். கல்யாணமாகி மூன்று வருடம் தினமும் விடிகாலையில் அதன் முன்னால் உட்கார்ந்து பரீட்சைக்கு நோட்ஸ் தட்டினாள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அத்தனை பாடப் புத்தகத்தையும் கேள்வியும் பதிலுமாக உடைத்து வைத்திருந்தாள். ஒரு சர்க்கார் வேலை, எந்த மூலையில் இருந்தாலும் சரி. அவள் கேட்டது அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து இருபதாம் வருடம் கார்த்திகையில் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்தது. எங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு கேட்டுச் சென்னைக்கு வரச் சொல்லி மேலிருந்து சொல்லி அனுப்பினார்கள். எங்கள் ஊருக்கு இரண்டு வேன். நான் சாதிச் சங்கத்தின் கிளைப் பொறுப்பாளர். கூட்டத்தில் நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற ஜோரில், "ஒரு வேன் என் செலவுங்க" என்று எழுந்து சொல்லிவிட்டேன். கைதட்டினார்கள். கைதட்டல் அடங்கிய பிறகுதான், கொரோனாவில் மாசக்கணக்காகக் கடை திறக்காதது நினைவுக்கு வந்தது.

மணிமொழி தீபத்துக்குத் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். லேப்டாப்பைத் துண்டில் சுற்றி, துருகம் சாலையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் வெங்கடேசனிடம் கொண்டுபோனேன். கல்வராயன் மலையிலிருந்து ஒருவர் மகளின் ஆன்லைன் வகுப்புக்கு மலிவாக ஒன்று கேட்டுக்கொண்டிருந்தாராம். அரை மணி நேரத்தில் கை மாறிவிட்டது.

வேனைச் செங்கல்பட்டுக்கு இந்தப் பக்கமே போலீஸ் மடக்கியது. புளியமரத்தடியில் உட்கார்ந்து கோஷம் போட்டோம், எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம், திரும்பி வந்தோம். வேலையில் எங்கள் ஆட்களுக்குப் பங்கு கேட்கப் போனவன், வீட்டில் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரே ஆளின் படிப்பை விற்றுவிட்டுப் போயிருக்கிறேன். அன்றைக்கு இது எனக்கு உறைக்கவே இல்லை.

ஊரிலிருந்து வந்த மணிமொழி பீரோவைத் திறந்து பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"சமுதாயத்துக்காகத்தான் மணி. உனக்கும் சேத்துதான போராடறோம்" என்றேன்.

"எனக்காகன்னு நான் கேக்கலியே மாமா" என்றாள்.

அதற்குமேல் சண்டை இல்லை. சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை கத்தி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். பிப்ரவரியில் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. தெருவில் வெடி வெடித்தோம். நவம்பரில் கோர்ட் அதைச் செல்லாது என்றது. அன்று அவள் பேப்பரைப் படித்துவிட்டு, ஒரு வருடத்தில் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். "அதுவும் போச்சா மாமா?" என்றாள். கோபத்தில் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தச் சிரிப்பு என்னைச் சாப்பிட விடவில்லை.

மறுநாளே வெங்கடேசன் கடைக்குப் போனேன். புது லேப்டாப் விலையைக் கேட்டுத் தலை சுற்றியது. "எதுக்கு தமிழு? பழைய பார்ட்ஸா சேத்து ஒரு டெஸ்க்டாப் பண்ணிடலாம். ஸ்க்ரூ டிரைவர் புடிக்கத் தெரியுமில்ல?" என்றார். ஐந்து எச்.பி. மோட்டாரைக் கழற்றி மாட்டுகிறவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா!

ஆனால் அது மோட்டார் இல்லை என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. மூடிப்போன பிரவுசிங் சென்டரிலிருந்து வெறும் கேபினெட் கிடைத்தது. உள்ளே பல்லி முட்டை. ஒரு ஆபீசில் கழித்துப் போட்ட மதர்போர்டும் பிராசஸரும் வெங்கடேசன் மூலம் வந்தன. பிராசஸரைத் திருப்பி வைத்து அமுக்கி இரண்டு பின்னை வளைத்துவிட்டேன்; என் கையைத் தட்டிவிட்டு அவரே ஊசியால் நிமிர்த்தினார். உளுந்தூர்பேட்டை லாரி புக்கிங் ஆபீசில் மானிட்டர் மாற்றினார்கள். பழையதைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். கீபோர்டு மட்டும் புதுசு. அதில் தமிழ் எழுத்து ஸ்டிக்கரை ஒவ்வொன்றாக நகத்தால் அழுத்தி ஒட்டினேன். வீட்டில் மூச்சுக்கூட விடவில்லை. ஒரு நாள் மேசையில் வைத்து, ஓடவிட்டு, அவளைக் கூப்பிட வேண்டும். அதுதான் என் திட்டம்.

மார்ச் மாதம், கூட்டுறவுச் சங்கங்களில் உதவியாளர் வேலைக்கு விளம்பரம் வந்தது. எங்கள் பக்கம் அந்த வேலைக்கு ஆள் எடுத்துப் பல வருடம் ஆகியிருந்தது. என் அம்மா பெரியம்மாள் அதற்குள் பொறுமை இழந்திருந்தாள். "கண்ணாலமாயி அஞ்சு வருசமாவுது. பரிச்ச பரிச்சன்னு வூட்ல ஒரு புள்ளகூட இல்ல" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தாள். மணிமொழி அவளிடமே நேராகச் சொன்னாள்: "இந்த ஒன்னு மட்டும் எழுதிடறேன் அத்த. கெடைக்கலன்னா அப்பறம் புத்தகத்தத் தொடமாட்டேன்." சொன்னால் சொன்னபடி செய்கிறவள் அவள். அது எனக்குத் தெரியும்.

ஆனால் விண்ணப்பம் போடாமல் நாளைக் கடத்திக்கொண்டே இருந்தாள். "நோட்ஸ் இருந்தா ஒரே மாசத்துல பொரட்டிடுவேன். இப்ப முதல்லேர்ந்து எங்க ஆரம்பிக்கறது?" என்று ஒருநாள் சோறு போடும்போது தனக்குத் தானே சொன்னாள். எனக்குக் கேட்கட்டும் என்று சொல்லவில்லை. எனக்குக் கேட்டது.

அடுத்த நாள் வெங்கடேசன் ஒரு சேதி வைத்திருந்தார். மலைக்குப் போன லேப்டாப் மழையில் நனைந்து செத்துவிட்டதாம். சரிசெய்யக் கொண்டுவந்தவரிடம், போர்டு போய்விட்டது என்று சொல்லி வெங்கடேசனே திருப்பி அனுப்பியிருக்கிறார். "ஆனா ஹார்ட் டிஸ்க் நல்லாத்தான் இருக்குது. உன் சம்சாரம் போட்டு வச்சதெல்லாம் அப்படியே கீது, அந்தப் பொண்ணு அழிக்கல. அத மட்டும் வாங்கிக்கினு வா, நம்ம டெஸ்க்டாப்புல மாட்டிடலாம்."

எனக்குக் கை கால் ஓடவில்லை. மூன்று வருட நோட்ஸ் திரும்பி வரப்போகிறது! லேப்டாப்பை வாங்கிய மாயவன் வீட்டுக்கு வெங்கடேசன் வழி சொன்னார். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூர். காலையில் ஏறினால் மதியம் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

மறுநாள் காலை நான் சட்டை மாட்டும்போது மணிமொழி வந்து நின்றாள். "மாமா, இன்னிக்கு எங்கியும் தூரமா போவாத. போன கைலயே வச்சிக்கினு இரு. ஒரு நம்பர் வரும், சென்டர்லேர்ந்து கூப்புட்டுக் கேப்பேன், ஒடனே சொல்லணும்."

"கடைலதான இருக்கப் போறேன், சொல்றேன் சொல்றேன்" என்றேன்.

எங்கள் வீட்டுக்கு ஒரே போன், அது என் சட்டைப் பையில். அவளுடைய ஆதார், பேங்க் கணக்கு, கேஸ், எல்லாவற்றிலும் என் நம்பர்தான். கேஸுக்குத்தான் ஏதோ சொல்கிறாள் என்று நினைத்தேனா, ஒன்றுமே நினைக்கவில்லையா, இப்போது யோசித்தாலும் பிடிபடவில்லை. என் மண்டைக்குள் ஹார்ட் டிஸ்க் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளிமலை வரைக்கும் பஸ். அங்கிருந்து ஜீப், அது ஆள் சேர்ந்தால்தான் கிளம்பும். மாயவன் வீட்டை அடைந்தபோது மணி ஒன்றரை. வீட்டில் அவர் மனைவி சாலம்மாள் மட்டும் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். போனைப் பார்த்தேன். சிக்னல் சுத்தமாக இல்லை.

"அவுங்க ரெண்டு பேரும் கீழ போயிருக்காங்க. பொண்ணு எதோ பரீட்சைக்கு எழுதிப் போடணுமாம், இன்னிக்குத்தான் கடைசி நாளாம். அந்தப் பொட்டி பொண்ணோடது, அது வந்துதான் குடுக்கணும்" என்றார் சாலம்மாள்.

எனக்கு அப்போதும் மண்டையில் ஏறவில்லை. நம் வீட்டு ஆள் இதற்குள் போட்டிருப்பாள் என்று எண்ணிக்கொண்டேன். அவர் கொடுத்த கூழைக் குடித்துவிட்டு, மணிமொழி முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்த்தபடி பலாமரத்து நிழலில் சுகமாகத் தூங்கினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நன்றாகத் தூங்கினேன்.

மணி ஆறரைக்கு, கீழே போன ஜீப் திரும்பியது. மாயவனும் மகள் கோகிலவாணியும் இறங்கினார்கள். நான் யார் என்று சொன்னதும் அந்தப் பெண் உள்ளே ஓடி லேப்டாப்பை எடுத்துவந்தாள். "அக்கா நோட்ஸ வச்சித்தாங்க நானும் படிச்சேன். ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க. அக்காவும் அப்ளை பண்ணிட்டாங்க இல்ல? அஞ்சே முக்காலோட முடிஞ்சிபோச்சே" என்றாள்.

"போட்டிருப்பா" என்றேன். "ஒரு விண்ணப்பத்துக்கு அப்பாவையும் எதுக்குமா அலையவச்ச?"

"ஓடிபி அப்பா நம்பருக்குத்தாங்க வரும். அவரு இல்லன்னா உள்ளயே போவ முடியாது."

மாயவன் சிரித்தார். "எனக்கு இன்னா தெரியும்? போன தூக்கிக்கினு பொண்ணு பின்னாடியே போனேன், அவ்ளோதான்."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்ன ஆச்சு என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை, வெயில் என்றேன். பொழுது சாய்ந்த நேரத்தில் வெயில்! அதற்குமேல் கீழே இறங்க ஜீப் இல்லை. ராத்திரி அங்கேயே கிடந்தேன்.

காலை பஸ் மலைப்பாதையில் இறங்க இறங்க, ஒரு வளைவில் என் சட்டைப் பை துடிக்க ஆரம்பித்தது. தெரியாத நம்பரிலிருந்து பதினான்கு தவறிய அழைப்புகள். பின்னாலேயே மூன்று குறுஞ்செய்திகள், ஒவ்வொன்றிலும் ஆறு இலக்கம். முதலாவது நேற்று பதினொன்று இருபதுக்கு, அடுத்தது மூன்று மணிக்கு, கடைசி ஐந்து முப்பத்தெட்டுக்கு. பத்து நிமிடம்தான் செல்லும் என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "இன்னா சார், கெட்ட சேதியா?" என்றார். ஆமாம் என்றேன்.

வீட்டுக்கு நேராகப் போயிருக்க வேண்டும். போகவில்லை. வெறுங்கையோடு போக எனக்குத் தைரியம் வரவில்லை. வெங்கடேசன் கடையில் உட்கார்ந்து லேப்டாப்பைப் பிரித்து டிஸ்கை எடுத்து மாட்டினோம். அவர் ஏதோ கேலி பேசினார், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கம்ப்யூட்டர் ஓடியது. திரையில் அவள் பெயர் வந்தது. இதுவரை நான் செய்த எந்த வேலையும் இவ்வளவு சுத்தமாக வந்ததில்லை.

ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மதியம் வீட்டுக்குப் போனேன். மணிமொழி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒவ்வொன்றாக உள்ளே தூக்கிப்போனதைப் பார்த்தாள். அடுத்த துணியை உதறினாள். மேசையில் வைத்து, வயரெல்லாம் சொருகி, ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டேன். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

தன் கோப்புகளைப் பார்த்ததும் அவள் விரல் நின்றுவிட்டது. பிறகு ஒன்றைத் திறந்தாள். இன்னொன்றைத் திறந்தாள். உதடு அசைய வாசித்துக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தினாள். அந்த ஐந்து நிமிடமும் நான் அங்கே இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. நான் கண்ட கனவில் எப்படி இருந்தாளோ அப்படியே இருந்தாள்.

"இதுக்கா ராத்திரிகூட வூட்டுக்கு வரல?" என்றாள் திரும்பாமல். கேட்டு முடிப்பதற்குள் எல்லாம் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஆமா. உனக்குத் தெரியாம வச்சி..." என்றேன். "தப்பு பண்ணிட்டேன் மணி. மன்னிச்சிடு."

"நல்லா பண்ணியிருக்க" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. கீபோர்டில் ஒட்டியிருந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்தாள். "பிரவுசிங் சென்டர்க்காரரு போனதான் வாங்கி வாங்கிக் கூப்டேன். கடைசில அவரே கேட்டாரு, உனக்குன்னு ஒரு நம்பர் இல்லியாம்மான்னு. பின்னாடி வரிசைல நின்ன பசங்கல்லாம் பாக்கறாங்க. எனக்கு அசிங்கமா போச்சு மாமா. ரெண்டு வருசமா ஒரு சிம்மு கேட்டேன். வூட்ல இருக்கற பொம்பளைக்கு எதுக்கு தண்டமா இன்னொரு ரீசார்ஜுன்ன."

சொல்லியிருந்தேன். அவள் அதைச் சொல்லும்வரை அப்படிச் சொன்னதே எனக்கு நினைவில்லை. அழுகை வந்தது, அடக்கவில்லை.

"இப்பவே போறேன். உன் பேர்லயே வாங்கறேன்" என்று எழுந்தேன்.

அவள் எல்லாக் கோப்புகளையும் ஒவ்வொன்றாக மூடினாள். கம்ப்யூட்டரை முறைப்படி நிறுத்தினாள். திரை இருண்ட பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"வாங்கி?" என்றாள். "இனிமே அதுக்கு எந்த நம்பர் மாமா வரப்போவுது?"