அதே உறை, குறைந்த எடை

1

இந்தக் கதை ஜெர்மனியில் எங்கள் எம்டன் நகரத்து மளிகைக் கடையொன்றில் எனக்குக் கிடைத்தது. ஒரு பெண் பிஸ்கட் பாக்கெட்டைச் சின்னத் தராசில் வைத்து முறைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வீப்கே என்று பெயர் வைத்தேன். அரசாங்கத்துக்காகக் கடை கடையாகப் போய் விலை குறிப்பது அவள் வேலை. உறையும் விலையும் மாறாமல் உள்ளே சரக்கு குறைந்தால் அதுவும் விலையேற்றம்தான். அவளிடம் எந்தக் கம்பெனியும் தப்பியதில்லை.

2

(முதலில் இப்படித் தொடங்கினேன்: "வட்டி விகிதம் உயர்ந்த அந்த இலையுதிர் காலத்தில் வீப்கேயின் கணவன்..." வட்டி விகிதத்தில் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.)

ஆனால் வட்டி இல்லாமல் கதை நகராது. விலைவாசியை அடக்க வட்டியை ஏற்றினார்கள். கடன் வாங்கி வீடு கட்டுவோர் இல்லாமல் போனதால் ஜன்னல் தொழிற்சாலையை மூடினார்கள். அங்கே வேலை பார்த்த அவள் கணவன் ஓனோ வீட்டில் உட்கார்ந்தான். கத்துவான், எதையாவது உடைப்பான் என்று காத்திருந்தேன். சும்மா இருந்தான். அதே நீலச் சட்டை, அதே நாற்காலி. ஒரு மாலை அவன் உட்கார்ந்தபோது, எப்போதும் கிறீச்சிடும் அந்த நாற்காலி கிறீச்சிடவே இல்லை. இவன் மொத்தமாகக் குறைந்துபோவதற்குள் அவள் கவனிப்பாளா?

3

எங்கள் எம்டனில் காலித் தேநீர்க் கோப்பைக்குள் தேக்கரண்டியைப் போட்டால் போதும் என்று அர்த்தம். அதற்குமேல் ஊற்றவும் கூடாது, ஏன் என்று கேட்கவும் கூடாது. போடாதவரை ஊற்றிக்கொண்டே இருப்போம்.

"இன்னிக்கும் பிஸ்கட்டுல கை வெச்சுட்டானுங்க. காத்தை அடைச்சு விக்கிறானுங்க," என்றாள் வீப்கே.

"உன் கண்ணுல மண்ணைத் தூவ முடியுமா?" என்றான் ஓனோ.

மூன்று கோப்பை குடிப்பவன் ஒன்றோடு கரண்டியைப் போட்டான். அவள் மரியாதையாகக் கெண்டியை எடுத்துப் போனாள்.

4

பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். காகித விலை ஏறிவிட்டதாம். கதையைச் சுருக்க வேண்டும், தலைப்பு அப்படியே இருக்கட்டும் என்றார். ஓனோவின் பேச்சைத்தான் வெட்டினேன். திரும்பப் படித்தபோது, வெட்டிய இடத்தில் ஓனோ என்னிடமே கேட்பதுபோல் நான் எழுதாத ஒரு வரி இருந்தது:

"அந்தத் தராசை ஒருதரம் இந்தப் பக்கம் திருப்பச் சொல்லுங்களேன்."

5

வீப்கே கெண்டியோடு வருகிறாள். இன்னும் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. ஓனோவின் கோப்பைக்குள் கரண்டி ஏற்கெனவே கிடக்கிறது. நாற்காலியில் நீலச் சட்டை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது.

முறைப்படி அவள் திரும்பிப் போக வேண்டும். கரண்டியை வெளியே எடுத்து வைத்துவிட்டு அவள்...

ஆசிரியர் கொடுத்த இடம் முடிந்துவிட்டது. இதற்குமேல் என்னால் எழுத முடியாது. கோப்பை உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. கரண்டியை எடுப்பீர்களா?