சிட்டுவுக்கு எது ஒத்துக்கும்

வீடியோ கேம் கடையில், கண்ணை மறைத்த கருவியோடு லிஃப்ட் மெக்கானிக் ஓரடி பின்னால் எடுத்து வைத்தபோது யாருடைய காலையோ நன்றாக மிதித்துவிட்டார்.

"மன்னிச்சுக்கங்க, ஒண்ணுமே தெரியல," என்றபடி தலையில் மாட்டியிருந்த வி.ஆர். ஹெட்செட்டைக் கழற்றினார். எதிரே ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தவர் மருந்துக்கடைக்காரர். மெக்கானிக்கின் முன்னாள் மனைவியைப் போன வருடம் மணந்துகொண்டவர்.

இருவருக்கும் இடையே பகை என்று ஒன்றும் கிடையாது. பேச்சும் கிடையாது. சனிக்கிழமை காலையில் மகள் சிட்டுவை அழைத்துப் போக மெக்கானிக் வாசலில் காரை நிறுத்துவார். மருந்துக்கடைக்காரர் கதவைத் திறந்து, "இதோ வந்துடுவா," என்பார். பிறகு இருவரும் ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவ்வளவுதான் உறவு.

இப்போது பார்ப்பதற்கு வேறு திசை இல்லை. கடை முழுக்கத் திரைகள். எல்லாவற்றிலும் யாராவது ஓடிக்கொண்டோ சுட்டுக்கொண்டோ இருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் கையில் ஒரு கேம் கன்சோல் பெட்டி.

"சிட்டு பிறந்தநாளுக்கா?" என்றார் மெக்கானிக்.

"ஆமா. நீங்களும்...?"

"நான் இதை வாங்கலாம்னு இருக்கேன்." ஹெட்செட்டைத் தூக்கிக் காட்டினார். அதில் அவர் இத்தனை நேரம் ஒரு வானளாவிய கட்டடத்தின் விளிம்பில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். நிஜத்தில் அவர் தினமும் பார்ப்பதுதான்: லிஃப்ட் ஓடும் அந்த ஆழமான கிணறு, இரும்புக் கயிறுகள், கீழே எங்கோ மினுங்கும் விளக்கு. "உன்னோட வேலைக்கு நானும் வரேன்ப்பா," என்று சிட்டு எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். இதை மாட்டிவிட்டால் வீட்டில் உட்கார்ந்தபடியே பார்ப்பாளே என்றுதான் அவர் கணக்குப் போட்டிருந்தார்.

மருந்துக்கடைக்காரர் ஹெட்செட்டைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன, வேணாங்கிறீங்களா?"

"இல்ல... அவளுக்கு அது ஒத்துக்குமான்னுதான்."

மெக்கானிக்குக் கோபம் சுருக்கென்று ஏறியது. "எம் பொண்ணுக்கு எது ஒத்துக்கும், எது ஒத்துக்காதுன்னு எனக்குத் தெரியாதா?"

பக்கத்தில் நின்ற கடைப்பெண் சார்ஜர்களை அடுக்குவதில் திடீரென்று மும்முரமானாள்.

"நான் சொல்லக் கூடாது. சொல்ல மாட்டேன்னு அவகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்," என்றார் மருந்துக்கடைக்காரர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "வண்டியில போனா அவளுக்குத் தலைசுத்தும். வாந்தி வரும். சனிக்கிழமை உங்ககூட கிளம்பறதுக்கு முன்னாடி எங்கிட்ட மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டுக்குவா. இதை மாட்டினா பல பேருக்கு அதே மாதிரிதான் ஆகும்."

மெக்கானிக் ஹெட்செட்டை மேஜைமேல் வைத்தார். அங்கே கிடந்த ஒரு விளையாட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அது அவர் கனத்துக்குப் பின்பக்கமாகச் சாய்ந்து கொடுத்தது.

நாளெல்லாம் மேலேயும் கீழேயும் போய்வருகிற உடம்பு அவருடையது. தலைசுத்தல் என்றால் என்னவென்றே அறியாதவர். வாராவாரம் மகளை வண்டியில் உட்காரவைத்து, அந்த வளைந்து வளைந்து போகும் மலைப்பாதையில் ஏற்றிக் கொண்டுபோய் மேலேயிருந்து ஊரைக் காட்டுவார். வழி நெடுக அவள் பேசமாட்டாள். ஜன்னலை இறக்கிவிட்டு முகத்தைக் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டு வருவாள். மலையை ரசிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். வேகத்தை வேறு கொஞ்சம் கூட்டுவார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க கூட்டிட்டுப் போறதையே நிறுத்திடுவீங்களோன்னு அவளுக்குப் பயம்."

மெக்கானிக் உதட்டைப் பிதுக்கி, தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு, "மாத்திரை அவளுக்குக் கெடுதல் இல்லையே?" என்று கேட்டார்.

"இல்ல. அளவு பார்த்துத்தான் தரேன். அவ அம்மாவுக்கும் தெரியும்."

ஆக, தெரியாமல் இருந்தது இவருக்கு மட்டும்தான். அது குத்தியது. ஆனாலும் எதிரே நிற்பவர்மேல் கோபப்படக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. வாக்கு தவறியது கூட யாருக்காக என்று புரிந்தது.

மருந்துக்கடைக்காரர் பெட்டியை நீட்டினார். "இதை நீங்களே வாங்கிக் குடுங்க. நான் வேற ஏதாவது பார்த்துக்கறேன்."

"இது எங்க வீட்டுல இருந்தா, வாரம் பூரா உங்க வீட்டுல என்ன பண்ணுவா? சனிக்கிழமை வரைக்கும் வாயைப் பார்த்துட்டு உக்காந்திருப்பாளா?"

இதற்குத்தான் காத்திருந்தவள் போலக் கடைப்பெண் நடுவில் வந்தாள். "சார், இது கையில வச்சும் விளையாடலாம், டிவியில மாட்டியும் விளையாடலாம். டிவிக்கான ஸ்டாண்ட் மட்டும் தனியா இன்னொண்ணு வாங்கிட்டீங்கன்னா, ரெண்டு வீட்டுலயும் ஒவ்வொண்ணு இருக்கும், பிள்ளை பையில போட்டு எங்க வேணா எடுத்துட்டுப் போகும். விட்ட இடத்துலேருந்து ஆடலாம்." பிறகு இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பியா?" என்றாள்.

"கிட்டத்தட்ட," என்றார் மெக்கானிக். மருந்துக்கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கன்சோலை மெக்கானிக் வாங்கினார், ஸ்டாண்டை மற்றவர் வாங்கினார். வெளியே வந்ததும் மருந்துக்கடைக்காரர், "நான் சொன்னேன்னு மட்டும் காட்டிக்காதீங்க. அப்புறம் அவ எங்கிட்ட எதுவுமே சொல்லமாட்டா," என்றார்.

"காட்டிக்க மாட்டேன்."

சனிக்கிழமை மெக்கானிக் நடந்தே வந்து வாசலில் நின்றார். வண்டி சர்வீசில் இருக்கிறது என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். அதற்கடுத்த வாரம் சிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நம்ம வண்டி அவ்வளவு ஓட்டையாப்பா?"

"வயசாயிடுச்சு. என்னை மாதிரி," என்றார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வளவளவென்று பேசிக்கொண்டே வந்தாள். வகுப்பில் யார் யாரோடு சண்டை, எந்த ஆசிரியர் தும்மினால் கட்டடமே ஆடும், எல்லாம். இத்தனை பேசுவாள் என்பதே அவருக்குப் புதிதாக இருந்தது.

அன்று மத்தியானம் அவருடைய சின்ன டிவியில் கன்சோலை மாட்டினாள். திரையில் ஒரு குள்ளன் பாலம் பாலமாகத் தாவிக்கொண்டிருந்தான். மெக்கானிக் முறை வந்ததும் குள்ளன் மூன்றாவது பாலத்தில் தொபுக்கென்று ஆற்றில் விழுந்தான். மறுபடியும் விழுந்தான்.

"அங்கிளும் இங்கதான்ப்பா விழுவாரு," என்றாள் சிட்டு.

"இன்னும் தாண்டலையா அவரு?"

"எங்க தாண்டறது! நேத்துகூட அம்மா சாப்பிடக் கூப்பிடக் கூப்பிட விழுந்துக்கிட்டே இருந்தாரு."

மெக்கானிக் நிமிர்ந்து உட்கார்ந்தார். கையிலிருந்த வேர்வையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"மறுபடி போடு. அவருக்கு முன்னாடி நான் தாண்டணும்."