பச்சைச் சீட்டு வரிசை

சம்பள உயர்வு கேட்டால் எங்கள் சுவிஸ் முதலாளி சோலிங்கருக்குத் தேசபக்தி பொங்கிவிடும். வெள்ளிக்கிழமை லடினா கேட்டபோதும் அதுதான் நடந்தது.

"ஐரோப்பாவுலயே நாமதாம்மா அதிகமா வாங்குறோம். இன்னும் என்ன வேணும்? நம்ம ஊர்க் கடையில வாங்கு, நம்ம விவசாயி பொழைக்கட்டும்!"

லடினா எங்கள் வின்டர்தூர் அலுவலகத்தில் பாலம் வடிவமைக்கும் பொறியாளர். உயர்வு கிடைக்காவிட்டால் ஜூலையோடு வேலையை விட்டுவிடுவதாக இருந்தாள். பிள்ளைகளைப் பகல்நேரக் காப்பகத்தில் விடுவதைவிட வீட்டில் இருப்பது மலிவாம். அவள் சம்பளம் எவ்வளவென்று எனக்குத் தெரியாது. இங்கே ஒருவன் தன் மூலநோயைக்கூட விவரமாகச் சொல்வான், சம்பளத்தைச் சொல்லமாட்டான்.

மறுநாள் எல்லைக்கு அப்பால் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸில் மலிவாகச் சாமான் வாங்கிக்கொண்டு, ஜெர்மன் வரியைத் திரும்பப் பெறும் பச்சைச் சீட்டில் முத்திரை வாங்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் லடினா. அவளுக்கு முன்னால், சாட்சாத் சோலிங்கர்! எல்லை தாண்டத் தலைக்கு ஒரு கிலோ இறைச்சிக்குத்தான் வரியில்லா அனுமதி என்பதால், சக்கர நாற்காலியில் மாமியாரையும் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்.

"என்ன சார், நம்ம விவசாயி சௌக்கியமா?" என்றாள் லடினா.

சோலிங்கர் முகம் சிவந்தது. "அத்தைக்குக் கொஞ்சம் காத்தாட இருக்கட்டுமேன்னு..."

"மடியில காத்து ஒரு கிலோ இருக்கும்போல."

"திங்கக்கிழமை ரூமுக்கு வாம்மா, பேசிக்கலாம்."

"ரூம் எதுக்கு? பதினோரு வருஷமா உழைக்கிறேன். மாசம் ஏழாயிரத்து இருநூறு ஃபிராங்க். ரெண்டு பிள்ளைங்க காப்பகத்துக்கே அஞ்சாயிரம் போகுது, மிச்சம் வரிக்கும் காப்பீட்டுக்கும் சரியாப்போகுது."

நடுத்தெருவில் யாரோ ஆடையை அவிழ்த்தாற்போல வரிசை முழுதும் தரையைப் பார்த்தது.

எனக்குக் காது சுட்டது. அதே வேலை பார்க்கும் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்ததே லடினாதான். சொல்லாதே என்று சோலிங்கர் கண்ணாலேயே கெஞ்சினார்.

"எனக்கு எட்டாயிரத்து அறுநூறு," என்றேன்.

"ஏன் மாப்ள," என்று நாற்காலியிலிருந்து மாமியார் நிமிர்ந்தார், "அந்தப் பொண்ணுக்கு மட்டும் ஏன் கொறைச்சல்?"

முத்திரை அதிகாரி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். சோலிங்கர் நகரப் பார்த்தார். லடினா தன் தள்ளுவண்டியைக் குறுக்கே விட்டாள்.

"அடுத்த மாசத்துலேர்ந்து... சமமா..." என்று முனகினார்.

"கடைசி ஆளுக்கும் கேக்கட்டும் சார்."

"சமமாத் தர்றேன்!"

"சரி. போன வருஷங்களுக்கு?"

பின்னால் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். 'சீக்கிரம் நகருங்க' என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.