மூன்றாம் ரோலரின் நாடா

பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை காலை 9.20 மணிக்கு, மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் ஒரு சலவை ஆலையில், ஈர விரிப்புகளைத் தேய்த்துக் காயவைக்கும் மூன்றாம் ரோலரில் ஒரு பெண்ணின் வலது கை சிக்கியது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

ஒன்பது நாள் கழித்து, வியாழக்கிழமை மதிய இடைவேளையில், ஆலையில் மீதமிருந்த முப்பத்தொரு தொழிலாளர்களும் சாப்பாட்டு அறையில் கூடினார்கள். மேசை மேல் இரண்டு தாள்கள். ஒன்று, தொழிலாளர்கள் கையெழுத்துப் போட நிர்வாகம் தட்டச்சு செய்து அனுப்பியது: அடிபட்டவள் பாதுகாப்புக் கம்பியைத் தானே கட்டிப்போட்டு வேலை செய்தாள், அதனால் நீக்கப்படுகிறாள், இது எங்களுக்குத் தெரியும். இன்னொன்றை அடிபட்டவளின் அக்கா பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருந்தாள்: கம்பியைக் கட்டுவது இங்கே எல்லோரும் செய்வது, சூப்பர்வைசருக்கும் தெரியும். தொழிலாளர் துறை அதிகாரி இரண்டு மணிக்கு வருகிறார். பாதிப் பேருக்கு மேல், அதாவது பதினாறு பேர், இரண்டாவது தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் விசாரணை நடக்கும். இல்லையென்றால் தங்கையின் வேலை போனது போனதுதான்.

அந்தக் கம்பி ரோலருக்கு முன்னால், விரல் உயரத்தில் ஓடும். எது பட்டாலும் அது அசைந்து மெஷினை நிறுத்திவிடும். கை பட்டாலும் நிறுத்தும், ஈர விரிப்பின் மடிப்பு பட்டாலும் நிறுத்தும். திரும்ப ஓட வைக்க நாற்பது நொடி ஆகும். அதனால் கிழிந்த விரிப்பிலிருந்து விரலகலத்துக்கு ஒரு நாடா கிழித்து, இடது பக்கத் தகட்டுக்குக் கீழே, கம்பி அசையாதபடி கட்டிவிடுவார்கள். எதிரில் நிற்பவருக்குக் கட்டு தெரியாது. ரோலரில் வேலை செய்யும் எல்லோருடைய ஏப்ரன் பையிலும் அப்படி ஒரு நாடா இருந்தது. கூடவே, எங்கும் எழுதி வைக்காத ஒரு விதியும் இருந்தது. கட்டியவள் அவிழ்த்துவிட்டுத்தான் இடத்தைவிட்டு நகர வேண்டும்.

முதலில் சூப்பர்வைசர் பேசினார். சட்டைக் கையை மடித்து முழங்கையைக் காட்டினார். பழைய சூட்டுத் தழும்பு.

"நான் ஒண்ணும் மேலேருந்து குதிச்சவன் இல்ல. பதினோரு வருஷம் அதே ரோலர்ல நின்னவன். இது அங்க வாங்கினதுதான்." கொஞ்சம் நிறுத்தினார். "அந்தப் பொண்ணு எனக்கும் தங்கச்சி மாதிரி. ஒன்பது நாளா சோறு இறங்கல. ஆனா ஒண்ணு யோசிங்க. ஆஸ்பத்திரிக்காரங்க காதுல இது விழுந்து, துணி அனுப்புறதை நிறுத்திட்டா? இந்தப் பக்கம் ஒருத்தி. அந்தப் பக்கம் முப்பத்தொரு வீட்டு அடுப்பு. நான் சொல்லணுமா?"

நன்றாகப் பேசினார். பேசி முடித்ததும் வெளியே போகவில்லை. கதவோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தாளில் யார் கை வைக்கிறார்கள் என்று பார்க்கத் தோதாகத் திரும்பிக்கொண்டார்.

அக்கா எழுந்தாள். முந்தைய நாள் பேக்கிங் பிரிவுக்காரர் ஒருவர் அவளுக்குப் பாடம் எடுத்திருந்தார். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அவருக்கு வக்கீல் என்று பெயர். "மனுசங்க மூணு விஷயத்துக்குத்தான் மசிவாங்க," என்று சொல்லியிருந்தார். "முதல்ல நீ யாருன்னு சொல்லு. அப்புறம் கண்ணுல தண்ணி வர வை. கடைசியா கணக்கைப் போடு. முடிஞ்சா உன் தங்கச்சியைக் கூட்டிட்டு வா. கட்டுப்போட்ட கையைப் பார்த்தா கல்லும் கரையும்."

தங்கை வர மறுத்துவிட்டாள். "என் கையைக் காட்டிப் பிச்சை எடுக்காத, அக்கா" என்று மட்டும் சொன்னாள். வேறு எதையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"நான் இங்க பதிமூணு வருஷமா..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

"அடி, எங்களுக்குத் தெரியாதா?" மடிப்புப் பிரிவிலிருந்து ஒரு குரல். வாய் ஓயாததால் அவளை ரேடியோ என்பார்கள். "உன் கல்யாணத்துக்குப் பந்தியில பரிமாறினவளே நான்தான். விஷயத்துக்கு வா."

இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா தாளைப் பார்த்துக்கொண்டாள்.

"அவளால இப்ப தன் பொண்ணுக்குத் தலை பின்னி விட முடியல. ஒரு கையால சீப்பைப் பிடிச்சுட்டு அப்படியே உக்காந்திருக்கா..."

சிரிப்பு நின்றது. ஆனால் பின்வரிசையில் ஒருவர் தலையைக் குனிந்தபடியே சொன்னார்: "உன் கூடப்பொறந்தவ, நீ அழற. நாளைக்கு எங்க வீட்டுக்கு வந்து யாரும்மா அழுவா?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கணக்குக்கு வந்தாள். நிர்வாகம் கேட்பது மணிக்கு இருநூத்தி இருபது விரிப்பு. பத்து விரிப்புக்கு ஒரு தடவை மெஷின் நின்றால் இருபத்திரண்டு தடவை. ஒவ்வொன்றுக்கும் நாற்பது நொடி. மணிக்குக் கால் மணி நேரம் போச்சு. "நூத்தி அறுபத்தஞ்சு தாண்டாது. கட்டாம யாராலயும் இருநூத்தி இருபது போட முடியாது."

"கஷ்டமா இருந்தா எங்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றார் சூப்பர்வைசர், உட்கார்ந்தபடியே, மென்மையாக. "கம்பியைக் கட்டுன்னு நான் என்னைக்காவது சொன்னேனா? யாராவது ஒருத்தர் சொல்லுங்க பார்ப்போம்."

அவர் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. எண்ணிக்கையை மட்டும்தான் கேட்பார்.

"கேள்வி ரொம்பச் சின்னது. அன்னைக்கு மூணாம் ரோலரைக் கட்டினது யாரு?"

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று இருபத்தைந்து. நிர்வாகத்தின் தாளில் ஏற்கெனவே நான்கு கையெழுத்து விழுந்திருந்தது. அக்காவின் வலது கை ஏப்ரன் பைக்குள் இருந்தது. பேசத் தொடங்கியதிலிருந்து அவள் அதை வெளியே எடுக்கவில்லை.

"நான்தான்" என்றாள்.

வக்கீல் பதறிப்போய்க் கிசுகிசுத்தார்: "ஏம்மா, இது தாள்லயே இல்லியே!"

"ஆறு மணியிலேருந்து அந்த ரோலர்ல நின்னது நான். கட்டினது நான். ஒன்பதே காலுக்கு, பாத்ரூம் போயிட்டு வர்றேன், கொஞ்ச நேரம் நில்லுடின்னு அவளைக் கூப்பிட்டேன். அவிழ்க்காம போயிட்டேன். நம்ம யாரும் அவிழ்க்காம போக மாட்டோம். அதனால அவ குனிஞ்சு பார்க்கல. மடிப்பு சிக்கிச்சு, கம்பி நிறுத்தும்னு நம்பிக் கையை வெச்சா." அவள் குரல் ஏறவில்லை. "அவளுக்குத் தெரியும். ஒன்பது நாளா என் பேரை வெளிய விடல. நானும் வாயைத் திறக்கல. வேலை போயிடும்னு பயந்துட்டு இருந்தேன்."

"தங்கச்சியைக் காப்பாத்த இப்படி ஒரு கதையா?" சூப்பர்வைசர் எழுந்துவிட்டார். "சரி, அப்போ குத்தவாளி நீ. எங்களுக்கென்ன அதுல?"

அக்கா பையிலிருந்து கையை எடுத்தாள். முடிச்சு அவிழாமல், நடுவில் வெட்டுப்பட்ட ஒரு நாடாவை மேசை மேல் வைத்தாள்.

"அன்னைக்கு இதை வெட்டினது யாரு சார்?"

சூப்பர்வைசர் நாடாவையே பார்த்தார்.

"அவ கத்தினதும் ஓடி வந்தீங்க. சுவிட்சை அணைச்சீங்க. அவளைத் தூக்கினதும் சட்டைப் பையிலேருந்து கத்திரியை எடுத்து, நேரா இடது பக்கம் போய், தகட்டுக்குக் கீழ கையை விட்டு வெட்டினீங்க. வலது பக்கம் பார்க்கல. எங்கடா கட்டியிருக்குன்னு தேடவே இல்ல. கட்டுறது தெரியாதவருக்கு, எங்க கட்டுவோம்னு எப்படித் தெரிஞ்சுது? இது கீழ விழுந்துச்சு. நான் எடுத்து வெச்சேன். பத்துப் பேராவது பார்த்துட்டு நின்னீங்க."

அக்கா பேனாவை எடுத்து, தன் தாளின் அடியில் ஒரு வரி சேர்த்தாள்: அன்று கட்டியது நான். கையெழுத்துப் போட்டாள். பேனாவை நாடாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

சூப்பர்வைசர் கதவோரத்திலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"அப்படி முறைக்காதீங்க சார், எனக்குச் சக்கரை இருக்கு" என்றாள் ரேடியோ. மடிப்புப் பிரிவுக்கு மாறுவதற்கு முன்பு ஆறு வருடம் ரோலரில் நின்றவள் அவள். ஏப்ரன் பையைத் துழாவினாள். ஒரு சீப்பு வந்தது, சாவிக்கொத்து வந்தது, கடைசியில் அழுக்கேறிய ஒரு நாடா வந்தது. அதை மேசையில் போட்டாள். "இன்னும் தூக்கிப் போட மனசு வரல, பாரு." குனிந்து கையெழுத்துப் போட்டாள். பேனாவை நாடாக்களுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அடுத்து எழுந்தவர் பின்வரிசைக்காரர். அவர் எதுவும் சொல்லாமல் தன் நாடாவை வைத்தார். பிறகு வரிசை நகர்ந்தது. நிர்வாகத்தின் தாளில் கையெழுத்திட்டிருந்த நால்வரில் ஒருத்தி, அந்தத் தாளை எடுத்துத் தன் பெயரை அடித்துவிட்டு வந்தாள். வக்கீல் கடைசியாகப் போட்டார். ரோலர் பக்கமே போகாதவர் என்பதால் அவரிடம் நாடா இல்லை.

இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு அதிகாரி வந்தார். தாளில் இருபத்து மூன்று கையெழுத்துகள் இருந்தன. நாடாக்கள் பதினேழு. அவற்றை ஓர் உறையில் போட்டு ஒட்டி, மேலே தேதி எழுதினார்.

விசாரணை ஏழு வாரம் நடந்தது. தங்கையின் பணிநீக்கம் ரத்தானது. ஏப்ரல் 15 அன்று மடிப்புப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். சூப்பர்வைசர் வேறு கிளைக்கு மாற்றப்பட்டார். ரோலரில் போட வேண்டிய விரிப்புகளின் எண்ணிக்கை மணிக்கு நூற்று அறுபதாகக் குறைக்கப்பட்டது. பாதுகாப்புக் கருவியை முடக்கியதாகத் தானே ஒப்புக்கொண்டதற்காக அக்கா வேலையிலிருந்து நீக்கப்பட்டாள்.