இரண்டு தரம் குலுக்கினால் வேண்டாம்

…லாபம் என்கிறார் கரீம் பாட்சா, வட்டி இல்லை, லாபம், மூன்றாம் முறையாகச் சொல்லிவிட்டார் திரைக்கு அந்தப் பக்கம், திரை என்றால் என்ன, ஷரீஃபுன்னிசாவின் பழைய வாயில் சேலைதான், தாராவியின் இந்த ஒற்றை அறையை இரண்டாக்கி எப்போதும் கயிற்றில் தொங்குகிறது, கணவர் ரஹ்மத்துல்லா மௌத்தான நாளிலிருந்து அவள் விதவைக் காலமான இத்தா இருக்கிறாள், அது முடிகிற வரை பிற ஆண்கள் முன்னால் வரக் கூடாது, முடிய இன்னும் ஒரு மாதம், அதற்குள் இவர்களுக்கு என்ன அவசரம்… "குர்லால பட்டறை வச்சிருக்கது நம்ம ஊர்ப் புள்ளடே. மாசம் பொறந்தா டாண்ணு ஒரே தொகை, ஒரு பைசா கொறையாது." மகன் சலாவுதீன் கேட்கிறான், "பக்காதான சாச்சா?" "பின்ன? எம் மவ கல்யாணத்துக்கு வச்சதையே அங்கதான் போட்டுருக்கேன். போஸ்டாபீஸ்ல போயி நில்லு, மராட்டியில ஒண்ணு சொல்லுவான், இங்கிலீஷ்ல ஒண்ணு சொல்லுவான், நமக்கு ரெண்டும் ஒண்ணுதான்." இருவரும் சிரிக்கிறார்கள், அவளுக்கும் சிரிப்பு வந்தது, இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று, கரீம் பாட்சா கெட்டவர் இல்லை, கணவரின் பழைய சிநேகிதர், மய்யித்தைத் தூக்கிய முதல் தோள் அவருடையது, அதுதான் பயமாக இருக்கிறது, கெட்டவராக இருந்தால் சுலபம்.

ஒரே தொகை… இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே, எங்கே என்ன எங்கே, இதே இடத்தில், சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது, மாதுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலிருந்து ரிட்டையர் ஆன பிறகும் கணவர் சாயங்காலமானால் ஸ்டேஷன் பெஞ்சுக்குப் போய்விடுவார், ரிட்டையர் ஆனவர்கள் எல்லாம் அங்கே, யார் பண்டுப் பணத்தை எங்கே போட்டார், எந்த பாங்கில் வட்டி கூட்டியிருக்கிறான், எந்தக் கம்பெனி ஆட்டம் காண்கிறது, அத்தனையையும் கேட்டுவந்து அவளிடம் கொட்டினால்தான் அவருக்குச் சோறு இறங்கும், அவளுக்குப் பேப்பரும் அவர்தான் ரேடியோவும் அவர்தான், "லாபம்னா ஒரு மாசம் கூடணும், ஒரு மாசம் கொறையணும் புள்ள. அப்பிடியே அசையாம நின்னா அது யாவாரமில்ல", மீன் செதில் கன்னத்தில் ஒட்டியிருக்கிறது என்று எட்டி எடுத்துவிட்டார், அந்த விரல்… வேண்டாம், இப்போது அதை நினைக்க வேண்டாம், அங்கே என்ன பேசுகிறார்கள் கேள்.

"காட்கோபர் கம்பெனி மாதிரி ஆயிராதுல்லா?" பரவாயில்லை, பிள்ளைக்கு நினைவிருக்கிறது. "அவன் வேத்து ஆளுடே, இது நம்ம புள்ள." அந்த வேற்று ஆளும் இங்கே வந்து உட்கார்ந்தவன்தான், இதே திரை, அப்போது அவள் கையில் கண்ணாடி வளையல்கள், விருந்தாளி இருக்கும்போது ஒரு தரம் குலுக்கினால் டீ தயார், இரண்டு தரம் குலுக்கினால் வேண்டாம், கல்யாணமான புதிதில் ஏற்பட்ட வழக்கம், அன்றைக்கு இரண்டு தரம் குலுக்கினாள், யோசித்துச் சொல்கிறேன் என்று கணவர் அவனை அனுப்பிவிட்டார், அவர் கூட வேலை பார்த்த பூலோகம் என்பவர் பணத்தைப் போட்டார், கம்பெனி ஷட்டர் இறங்கியது, போட்டது போயிற்று, அதற்குப் பிறகும் பூலோகம் பெஞ்சுக்கு வந்தாராம், ஓரமாக உட்காருவாராம், அவரிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லையாம்… இதைச் சொல்லும்போது கணவரின் குரல் இறங்கிவிட்டது.

திரைக்குக் கீழே சலாவுதீனின் கை, காகிதம், பேனா. "உம்மா, நாமினி நீங்கதான. போஸ்டாபீஸ்லருந்து எடுக்கணும்னா ஒங்க ஸைன் வேணும்." அவர் விட்டுப்போனது அது ஒன்றுதானே, அதை வைத்துத்தானே இனி எல்லாம்… அவள் கை தானாகவே எழுந்தது, இரண்டு தரம் குலுங்கியது, சத்தம் இல்லை. வெறும் மணிக்கட்டு. கல்யாண் ஊரிலிருந்து வந்த நாத்தனார் சுலைகா மௌத்தான அன்றைக்குச் சோப்பு போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினாளே, மறந்துவிட்டதா… வளையல் சத்தம் கேட்டுத்தான் காட்கோபர்க்காரன் வந்த அன்று அவர் வேண்டாம் என்றாரா, இல்லை பெஞ்சிலேயே முடிவு செய்துவிட்டு என் வளையலுக்கும் ஒரு மரியாதை வைத்தாரா, ஏன் வேண்டாம் என்று என்னை ஒரு நாளும் கேட்டதில்லையே, கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமா…

தொண்டையைச் செருமினாள். "சொல்லுங்க மைனி," என்றார் கரீம் பாட்சா, முப்பது வருஷமாக அவள் குரலைக் கேட்டிராத மனிதர். கேள்வி வாய் வரை வந்து நிற்கிறது, இத்தனை மாசத்தில் ஒரு மாசமாவது குறைந்து வந்ததா என்று, அது கணவருடைய கேள்வி, கேட்டுவிடலாம், கேட்டு, இவர் அதற்கு ஒரு பதில் சொல்லிவிட்டால், அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டுப் போகவில்லையே…